ரத்தின சபையும் சேப்பாக்கமும்

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மனிதன் இளைப்பாறுவதற்காக ஏற்பட்டவை என்று ஒரு நம்பிக்கை உலகத்தில் பரவியிருக்கிறது. இதைப் பரப்பியவர்கள் விளையாட்டு ரசிகர் எவரோடும் பழகியிராதவர்கள் என்பதில் சந்தேகமில்லை. உண்மையான ரசிகர் திங்கள் முதல் வெள்ளி வரை காரியாலயத்தில் இளைப்பாறி உடம்பைத் தேற்றிக்கொள்கிறார். சனிக்கிழமை பொழுது விடிந்தால் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

சாதாரண மனிதருக்கு ஒரு பஞ்சாங்கம் போதும். ரசிகருக்கு இரண்டு வேண்டும். இரண்டாவது பஞ்சாங்கத்தில் திதி என்பது பந்தயத்தின் எத்தனையாவது நாள் என்பது. நட்சத்திரம் என்பது அன்று பந்து போடுகிறவர். ராகு காலம் என்பது மழை மேகம். இரண்டு பஞ்சாங்கங்களும் ஒன்றோடொன்று மோதும்போது குடும்பத்தில் என்ன நடக்கும் என்பதை நேயர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

2024ஆம் வருஷம் செப்டம்பர் 21, 22 தேதிகளில் அப்படி ஒரு மோதல் நேர்ந்தது. சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் டெஸ்ட் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை மூன்றாம் நாள். ஹங்கேரி தேசத்து புடாபெஸ்ட் நகரில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. சனியும் ஞாயிறும் கடைசி இரண்டு சுற்றுகள். இது இரண்டாவது பஞ்சாங்கம். முதற் பஞ்சாங்கத்தின்படியோ அந்தச் சனிக்கிழமை புரட்டாசி மாதத்து முதற் சனிக்கிழமை. போதாக்குறைக்கு மகாளய பக்ஷமும் பிறந்திருந்தது.

திருவாலங்காட்டில் வசிக்கும் நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. முப்பது வருஷ காலம் அங்கிருந்து தினந்தோறும் சென்னைக்கு ரயிலில் வந்து உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வாரக் கடைசிக்கு அவர் போட்டிருந்த திட்டத்தை மளிகைக் கடைச் சீட்டு ஒன்றின் பின்புறத்தில் எழுதி வைத்திருந்தார். நாம் அதைக் கண்ணாரக் கண்டோம். சனிக்கிழமை விடியற்காலை வண்டியில் மனைவியுடன் திருவள்ளூரில் இறங்கி வீரராகவப் பெருமாள் தரிசனம், மனைவியைத் திரும்பும் வண்டியில் ஏற்றிவிட்டு, அடுத்த வண்டியில் சென்னைப் பிரயாணம், 9.30 மணிக்குச் சேப்பாக்கம். மாலை ரயிலில் கைப்பேசியில் புடாபெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சேப்பாக்கம். மாலையில் மறுபடியும் புடாபெஸ்ட். சீட்டின் அடியில், சிறிய எழுத்தில், "சாப்பாடு - சௌகரியப்படி" என்று ஒரு குறிப்பும் இருந்தது.

"பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்று கேட்டோம்.

"அவருக்கு எல்லாம் தெரியும். மூன்றாம் நாள் ஆட்டம் எவ்வளவு முக்கியம் என்பது மட்டும் தெரியாமல் இருக்குமா?" என்றார் நண்பர்.

*

சனிக்கிழமை நாமும் அவருடன் சேப்பாக்கத்துக்குப் போயிருந்தோம். அதற்கு முந்திய இரண்டு நாட்களில் நடந்ததை அவர் நமக்கு ராமாயணம் போல் சொல்லிக்கொண்டு வந்தார். வியாழக்கிழமை இந்தியா 144 ரன்களுக்கு 6 விக்கெட்டுகளை இழந்து தவித்ததாம். அப்பொழுது மேற்கு மாம்பலத்துப் பிள்ளையாகிய அசுவினும், சேப்பாக்கம் தன் பிள்ளையாகவே சுவீகரித்துக்கொண்ட ஜடேஜாவும் சேர்ந்தார்கள். அன்று மாலை ஆட்டம் முடிந்தபோது 339 ரன்கள். அதற்குமேல் ஒரு விக்கெட்டும் விழவில்லை. அசுவின் சதம் அடித்திருந்தார். மறுநாள் இந்தியா 376 ரன்களுக்கு ஆட்டமிழக்க, வங்கதேசம் 149 ரன்களில் சுருண்டது.

நாம் போன சனிக்கிழமையன்று கில் ஆட்டமிழக்காமல் 119 ரன்களும், பந்த் 109 ரன்களும் எடுத்தார்கள். 2022ஆம் வருஷக் கடைசியில் மோட்டார் விபத்தில் சிக்கி, பிழைத்து எழுந்ததே பெரிது என்று இருந்த பந்த், அதற்குப் பிறகு ஆடிய முதல் டெஸ்ட் பந்தயம் அது. அவர் சதம் எடுத்தபோது, ஆட்டம் புரிந்தவர், புரியாதவர் எல்லோருமே எழுந்து நின்று கை தட்டினார்கள். வங்கதேசத்துக்கு 515 ரன்கள் இலக்கு. அந்தி வெளிச்சம் மங்கி ஆட்டத்தை நிறுத்தியபோது அவர்கள் 158 ரன்களுக்கு 4 விக்கெட்டுகளை இழந்திருந்தார்கள்.

இந்தியாவின் வெற்றி ஏறக்குறைய நிச்சயம். ஆனால் நமது நண்பர் முகத்தில் மட்டும் மலர்ச்சியைக் காணோம். பரீட்சை முடிவு தெரியாத மாணவனைப் போல உட்கார்ந்திருந்தார். காரணம் கேட்டபோது ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: "நூற்றெழுபத்தெட்டு."

பிறகு விளக்கினார். 1932ஆம் வருஷம் ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட் பந்தயம் ஆடியது முதல் அன்று வரை இந்தியா ஆடி முடித்தவை 579. அவற்றில் வெற்றி 178, தோல்வியும் 178. வெற்றிக் கணக்கு தோல்விக் கணக்கைத் தாண்டியது என்பது 92 வருஷங்களில் ஒரு நாளும் நடந்ததில்லை. நாளைக்கு இந்தியா ஜயித்தால், முதன்முறையாகத் தாண்டும்.

"இந்தக் கணக்கு உமக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்டோம்.

"வீட்டில் அப்பா எழுதி வைத்த நோட்டுப் புஸ்தகம் இருக்கிறது. நாளைக்கு வந்து பாருங்கள்" என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியான போஜன இடைவேளைக்கு முன்பே பந்தயம் முடிந்துவிட்டது. அசுவின் 88 ரன்கள் கொடுத்து 6 விக்கெட்டுகளை எடுத்தார்; வங்கதேசம் 234 ரன்களில் ஆட்டமிழந்தது; இந்தியாவுக்கு 280 ரன் வித்தியாசத்தில் வெற்றி. பிறந்து வளர்ந்த ஊரில் ஒரே பந்தயத்தில் சதமும் அடித்து ஆறு விக்கெட்டும் எடுத்த அசுவின், அந்த வருஷ டிசம்பர் மாதத்தில் ஓய்வு அறிவித்தார். சேப்பாக்கத்தில் அவர் ஆடிய கடைசி டெஸ்ட் அதுவே ஆயிற்று. அன்று கூடியிருந்தவர்களுக்கு அது தெரியாது.

மற்றவர்கள் ஆரவாரம் செய்துகொண்டிருக்கும்போதே நண்பர் நமது கையைப் பிடித்து இழுத்தார். "ஒரு மத்தியானம் முழுவதும் மிச்சமாகிவிட்டது. புறப்படுங்கள் திருவாலங்காட்டுக்கு!" என்றார்.

சென்ட்ரலை அடுத்த மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து அரக்கோணம் மார்க்கத்தில் புறநகர் வண்டிகள் புறப்படுகின்றன. திருவாலங்காடு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இந்த மார்க்கம் சாமானியமானதல்ல. தென்னிந்தியாவில் முதன்முதல் பயணிகள் ரயில் ஓடியது இதில்தான். 1856ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுச் சீமையின் வாலாஜா ரோடு வரையில் முதல் வண்டி சென்றது. கொம்பும் தும்பிக்கையும் இல்லாமல் புகைவிட்டுக்கொண்டு ஓடிய அந்தப் பிராணியைக் கண்டு வழிநெடுகக் கிராமத்து ஜனங்கள் எப்படி மலைத்திருப்பார்கள் என்பதை நாம் கற்பனை செய்து பார்க்கலாம்.

பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை. 1955ஆம் வருஷத்திலிருந்து சுதந்திர பாரதத்துக்குப் பெட்டிகள் செய்து கொடுத்துவருவது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை. ஆவடியில் டாங்கிகள் செய்யும் பெருந்தொழிற்சாலை. இவற்றைத் தாண்டித் திருநின்றவூர் வந்ததும் கண்ணுக்குச் சற்றுப் பச்சை தென்படத் தொடங்குகிறது. திருவள்ளூருக்கு அப்பால் கொசஸ்தலையாற்றைப் பூண்டியில் மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் இருக்கிறது. சென்னைக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று போராடிய தீரர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி, 1944ஆம் வருஷம் முதல் பட்டணத்தின் தாகம் தணித்து வருவது. கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர், அதற்கடுத்தது திருவாலங்காடு.

வழியில் நண்பர் தம் தகப்பனாரின் கதையைச் சொன்னார். அவர் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூட உபாத்தியாயர். 1952ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட் பந்தயம். அதுவரையில் இந்தியா ஆடியவை 24 பந்தயங்கள், தோற்றவை 12, வெற்றி தோல்வியின்றி முடிந்தவை 12, ஜயித்தது ஒன்றுமில்லை. பந்தயம் தொடங்கிய பிப்ரவரி 6ஆம் தேதி இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமான செய்தி வந்தது. மறுநாள் ஆட்டம் நிறுத்தப்பட்டது. பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. உபாத்தியாயர் கட்டுச்சாதம் எடுத்துக்கொண்டு, கரிப்புகை படிந்த சட்டையோடு சேப்பாக்கம் போய்ச் சேர்ந்தார். அன்று வினு மன்கட்டும் குலாம் அகமதுவும் போட்ட சுழற் பந்துகளுக்கு முன் ஆங்கிலேயர் நிற்க முடியவில்லை. ஓர் இன்னிங்ஸும் எட்டு ரன்களும் வித்தியாசத்தில் இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றி. மன்கட் பந்தயத்தில் எடுத்த விக்கெட்டுகள் பன்னிரண்டு. சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் தொடங்கியது 1934 பிப்ரவரி 10. அதில் நம்மவர் தோற்றார்கள். சரியாகப் பதினெட்டு வருஷம் கழித்து அதே தேதியில், அதே மைதானத்தில், அதே இங்கிலாந்தை ஜயித்தார்கள்.

"அன்றிரவே அப்பா ஒரு நோட்டுப் புஸ்தகம் வாங்கினார். வெற்றி, தோல்வி, முடிவில்லை என்று மூன்று கட்டங்கள் போட்டார். பழைய இருபத்து நான்கையும் முதலில் எழுதி, அப்புறம்தான் இருபத்தைந்தாவதை எழுதினார்" என்றார் நண்பர்.

"வெற்றியிலிருந்தே ஆரம்பித்திருக்கலாமே?" என்றோம்.

"நானும் சிறுவயதில் அதைத்தான் கேட்டேன். 'கடனைச் சொல்லாமல் வரவை மட்டும் எழுதினால் அது கணக்கா?' என்றார்."

*

ஸ்டேஷனிலிருந்து கோயில் சில கிலோமீட்டர் தூரம். இருபுறமும் நெல்வயலும் கரும்புத் தோட்டமும். அந்தக் கரும்பையெல்லாம் அரைப்பதற்குத் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இந்த ஊரிலேதான் அமைந்திருக்கிறது. ஆலமரங்கள் அடர்ந்த காடாக ஒரு காலத்தில் இருந்ததால் ஆலங்காடு. அதையே வடமொழியில் வடாரண்யம் என்பார்கள். சுவாமி வடாரண்யேசுவரர், அம்பிகை வண்டார்குழலி. ஆடவல்லானுக்குரிய ஐந்து சபைகளில் தில்லை பொற்சபை, மதுரை வெள்ளி சபை, திருநெல்வேலி தாமிர சபை, குற்றாலம் சித்திர சபை. இவ்வூர் ரத்தின சபை.

இந்த ஊருக்கும் நமது விளையாட்டு ரசிகருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இல்லாமலா? தமிழ்நாட்டில் நடந்த பந்தயங்களுக்குள் மிகப் பெரியது, முடிவைப் பற்றி இன்றுவரை வாதம் ஓயாத பந்தயம், இங்கேதான் நடந்தது. ஆலங்காட்டில் அதிகாரம் செலுத்திய காளிக்கும், இங்கு எழுந்தருளிய இறைவனுக்கும் நடனப் போட்டி. இவர் ஆடியதையெல்லாம் அவளும் ஆடினாள். தேவர்கள் திகைத்தார்கள். அப்பொழுது இறைவனுடைய காதுக் குண்டலம் கழன்று கீழே விழுந்தது. அதைக் காலாலேயே எடுத்து, காலை உச்சிவரையில் தூக்கிக் காதில் அணிந்துகொண்டார். அதுதான் ஊர்த்துவ தாண்டவம். நாணமுள்ள காளி அவ்விதம் காலைத் தூக்க மனமின்றித் தலை குனிந்து தோல்வியை ஒப்புக்கொண்டாள்.

"இது நியாயமான வெற்றிதானா?" என்று நாம் நண்பரைக் கேட்டோம்.

"நடுவர் தீர்ப்பைப் பற்றி நான் பேசுவதில்லை. ஆனால் முதலில் இந்தப் பக்கம் வாருங்கள்" என்று சொல்லி, கோயிலுக்குள் நுழையாமல் நம்மைக் குளக்கரைப் பக்கம் அழைத்துச் சென்றார். அங்கே காளிக்குத் தனிச் சந்நிதி. காளியைத் தரிசித்த பிறகே உள்ளே சுவாமியைத் தரிசிக்க வேண்டும் என்பது இந்த ஸ்தலத்தின் மரபு. வாசலில் புஷ்பம் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் அதற்குக் காரணம் கேட்டோம். அவள் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தோத்தவளுக்குத்தானே சாமி மொதல்ல ஆறுதல் சொல்லணும்? ஜெயிச்சவருக்கு என்ன அவசரம்!" என்றாள்.

இதைக் கேட்டதும் நமக்குச் சேப்பாக்கத்தில் 1999 ஜனவரி 31ஆம் தேதி நடந்தது ஞாபகம் வந்தது. பாகிஸ்தானுடன் டெஸ்ட். இந்தியாவுக்கு இலக்கு 271. முதுகு வலியோடு சச்சின் டெண்டுல்கர் 136 ரன்கள் எடுத்தும், 258க்கு எல்லோரும் ஆட்டமிழந்து, 12 ரன்களில் இந்தியா தோற்றது. மைதானம் முழுவதும் ஒரு கணம் மயான அமைதி. பிறகு ஒவ்வொருவராக, பகுதி பகுதியாக, ஜனங்கள் எழுந்து நின்று ஜயித்த பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்குக் கை தட்டத் தொடங்கினார்கள். அவர்களும் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். அன்று தோற்றுப்போன ஊர், தானே எழுந்து நின்று, ஜயித்தவனுக்கு முதல் மரியாதை செய்தது. ஆலங்காட்டில் ஜயித்தவர் தோற்றவளுக்கு முதல் மரியாதை கொடுத்தார். இரண்டில் எது பெரிது என்பதை நாம் தீர்மானிக்கப் போவதில்லை. இரண்டும் ஒரே நாட்டில், அறுபது கிலோமீட்டர் இடைவெளியில் நடந்திருக்கின்றன என்பதே நமக்குப் போதும்.

உள்ளே ரத்தின சபையில் ஆடும் பெருமானின் திருவடியின் கீழே காரைக்காலம்மையாரைக் காண்கிறோம். அழகும் இளமையும் துறந்து, எலும்பும் தோலுமான பேய் வடிவை விரும்பிப் பெற்றவர். இறைவன் என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆடுகிற அடியின் கீழ் இருந்து பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்டவர். அம்மையார் தலையால் நடந்து வந்த மண் என்பதால் இந்த ஊரில் கால் வைக்க அஞ்சித் திருஞானசம்பந்தர் பக்கத்துப் பழையனூரிலேயே தங்கினார் என்று பெரியோர் சொல்வார்கள். பந்தயத்தில் யார் ஜயித்தார் என்பது அம்மையாருக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்குமா? ஆட்டத்தைக் காண இடம் கிடைத்ததே அவருக்கு மோட்சம். ரசிகர்களுக்கெல்லாம் ஒரு குலதெய்வம் வேண்டுமானால் அவரைத் தவிர வேறு யாரைச் சொல்வது?

இங்கிருந்து கிடைத்த வெண்கல நடராஜ மூர்த்தி சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. பிரெஞ்சு தேசத்துச் சிற்பி ரோடின் அதன் புகைப்படங்களைப் பார்த்து மெய்ம்மறந்து 1913இல் எழுதிய கட்டுரை, அவர் மறைந்த பிறகு 1921இல் வெளியாயிற்று. 1905இல் வெளிவந்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் உலகப் பிரசித்தமானவை. முதலாம் இராஜேந்திர சோழன் பழையனூரை இக்கோயிலுக்குத் தானம் செய்ததைக் கூறுபவை. தானத்தைச் சொல்லும் முன் சோழ குலத்தின் வெற்றிகளைச் சுலோகம் சுலோகமாக அடுக்குகின்றன. செம்பில் வெட்டியதால் ஆயிரம் வருஷமாக அழியவில்லை. ஆனால் அரசர்களின் செப்பேடுகளில் வெற்றிக் கட்டம் மட்டும்தான் உண்டு. தோல்விக் கட்டம் கிடையாது.

தானமாகக் கொடுக்கப்பட்ட அந்தப் பழையனூரின் கதையோ வேறு விதம். நீலி என்னும் பேயின் சூழ்ச்சியை அறியாமல், "உன் உயிருக்கு நாங்கள் பிணை" என்று ஒரு வணிகனுக்கு வாக்களித்தார்கள் எழுபது வேளாளர்கள். அவன் மாண்டுபோனான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. தோல்வியில் முடிந்த அந்தக் கதையைச் செம்பில் வெட்ட ஒருவரும் இல்லை. இருந்தும் ஜனங்கள் அதை மறக்கவில்லை. "பழையனூர் நீலி" என்பது இன்றும் தமிழில் பழமொழிபோல் வழங்குகிறது.

*

நண்பர் வீட்டை நாம் அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திண்ணையில் அவருடைய தாயார் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு வயதுக்கு மேல். காது மந்தம், கண்ணும் மனதும் தெளிவு. நண்பர் உள்ளே போய்க் கை கால் கழுவிவிட்டு, பெட்டியைத் திறந்து நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து வந்தார்.

புரட்டிப் பார்த்தோம். பழுப்பேறிய காகிதம். முதல் பக்கத்தில் பன்னிரண்டு தோல்விகளும் நீல மசியில், அழகான உபாத்தியாயர் கையெழுத்தில். அதே மசி, அதே கையெழுத்து, அதன் கீழ் 1952ஆம் வருஷத்து வெற்றி. வெற்றிக்கென்று தனி வர்ணம் கிடையாது. 1971இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து மண்ணில் கிடைத்த முதல் வெற்றியும் அப்படியே. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மூன்று கட்டங்களும் காலியாக இருக்க, ஓரத்தில் ஏதோ எழுதியிருந்தது. 1986ஆம் வருஷம் சேப்பாக்கம், ஆஸ்திரேலியாவுடன். டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தியெடுத்து வாந்தியெடுத்து 210 ரன்கள் அடித்த பந்தயம். இந்தியாவுக்கு இலக்கு 348; கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மனிந்தர் சிங் ஆட்டமிழந்தபோது இந்தியா எடுத்திருந்தது 347. வெற்றியுமல்ல, தோல்வியுமல்ல, முடிவில்லாததுமல்ல, சரிசமம். இதற்குக் கட்டம் போட உபாத்தியாயருக்குத் தோன்றியிருக்கவில்லை. "சமம். இருவரும் நன்றாக ஆடினார்கள்" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

"அது முடிந்த தேதியும் செப்டம்பர் இருபத்திரண்டுதான். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பு, இதே நாள்" என்றார் நண்பர்.

1990களில் ஒரு பக்கத்தின் நடுவில் கையெழுத்து மாறுகிறது. அது ஏன் என்று நாம் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் தோல்விக் கணக்கு வெற்றிக் கணக்கைவிட வெகு தூரம் முன்னால் இருந்தது. உபாத்தியாயர் கடன் தீராமலே கண்ணை மூடியிருக்கிறார்.

நண்பர் பேனாவைத் திறந்தார். கை சற்று நடுங்கியது. வெற்றிக் கட்டத்தில் எழுதி, கீழே கூட்டுத் தொகையையும் போட்டார்: வெற்றி 179, தோல்வி 178, முடிவில்லை 222, சமம் 1. பிறகு நோட்டுப் புஸ்தகத்தைத் தாயார் கையில் கொடுத்து, காதருகில் குனிந்து உரக்கச் சொன்னார்: "அம்மா! ஜாஸ்தி ஆயிடுத்து!"

கிழவி வெகு நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் அழுவார் என்று நாம் எதிர்பார்த்தோம். அவர் தலையை நிமிர்த்தி, "இன்னொரு தரம் கூட்டிப் பாத்தியாடா? அவர் இருந்தா அதைத்தான் முதல்ல கேப்பார்" என்றார்.

நண்பர் மறுபடியும் கூட்டினார். சரியாகவே இருந்தது. மகாளய பக்ஷத்தில் மகன் தகப்பனுக்குச் செலுத்த வேண்டிய கடன்களில் இப்படியும் ஒன்று இருக்கலாம் என்று நமக்குத் தோன்றியது.

அன்றிரவு நாம் படுக்கைக்குப் போகும் முன் புடாபெஸ்ட் செய்தியும் வந்துவிட்டது. முந்தின நாள் ஆடவர் அணி அமெரிக்காவையும் மகளிர் அணி சீனாவையும் இரண்டரைக்கு ஒன்றரை என்று வென்றிருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஸ்லோவீனியாவை ஆடவரும், அஜர்பைஜானை மகளிரும் மூன்றரைக்கு அரை என்று வீழ்த்தினார்கள். இரண்டு தங்கப் பதக்கங்களும் இந்தியாவுக்கு! 2022இல் நம் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது கிடைத்தவை இரண்டு வெண்கலம். இரண்டே வருஷத்தில் வெண்கலம் தங்கமாயிற்று. குகேஷ், பிரக்ஞானந்தா, அவர் தமக்கை வைஷாலி மூவரும் சென்னைக் குழந்தைகள். முதற் பலகையில் ஆடிய குகேஷ் பத்து ஆட்டங்களில் ஒன்பது புள்ளிகள் எடுத்தார்.

நண்பருடைய பேத்திக்குப் பத்து வயது. கைப்பேசியை விட்டு ஓடி வந்து, "தாத்தா, செஸ்ஸை எந்தக் கட்டத்தில் எழுதப் போறே?" என்று கேட்டாள். தாத்தா விழித்தார். நோட்டில் மூன்றே கட்டங்கள். பெண்களுக்கும் கட்டம் இல்லை; சதுரங்கத்துக்கும் இல்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, பேனாவையும் ஓர் அடிக்கோலையும் அவளிடமே கொடுத்தார். அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நாக்கைக் கடித்துக்கொண்டு, புதிதாக ஒரு கோடு போட்டாள்.

*

அதற்குப் பின் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அக்டோபர் முதல் தேதி கான்பூரில் வங்கதேசத்தை மறுபடி ஜயித்து இந்தியா 180 ஆக்கிற்று. அப்பொழுது வந்தார்கள் நியூஸீலாந்துக்காரர்கள். பெங்களூரில் ஒன்று, புனாவில் ஒன்று, பம்பாயில் ஒன்று. நவம்பர் 3ஆம் தேதிக்குள் மூன்று பந்தயங்களிலும் நம்மவரைச் சொந்த மண்ணிலேயே தோற்கடித்துவிட்டுப் போனார்கள். வெற்றி 180, தோல்வி 181. தொண்ணூற்றிரண்டு வருஷம் காத்திருந்து தீர்ந்த கடன், ஆறே வாரத்தில் மறுபடி ஏறிவிட்டது!

நண்பர் என்ன செய்தார் என்று அறிய ஆவல் கொண்டு டெலிபோனில் விசாரித்தோம். "என்ன செய்வது? மூன்றையும் எழுதினேன். அதே மசிதான்" என்றார். டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று, பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். பேத்தி அதைத் தன் கட்டத்தில் எழுதினாளாம். ஆனால் அதற்கு முன்பு அதே போட்டியில் குகேஷ் தோற்ற இரண்டு ஆட்டங்களையும் எழுதிவிட்டுத்தான் எழுதினாளாம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பழைய பக்கங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள் என்றார் நண்பர்.

தேசத்தின் பெயரால் கொடி பிடிப்பதும் கோஷமிடுவதும் சுலபம். ஜயித்த அன்று எல்லோருக்கும் அது கைகூடும். தோற்ற அன்றும் அதே மசியால் எழுதி, மறுநாள் விடியற்காலை வண்டிக்குப் புறப்படுகிறவர்களால்தான் ஒரு தேசம் ஆட்டத்தில் நிலைத்து நிற்கிறது. திருவாலங்காட்டுக்குப் போகும் நேயர்கள் ரத்தின சபையைக் காண அவசரப்பட வேண்டாம். முதலில் குளக்கரைப் பக்கம் திரும்புங்கள். அங்கே தோற்றவள் சந்நிதியில் ஒரு முழம் பூவைச் சாத்திவிட்டு, பிறகு உள்ளே போங்கள். ஜயித்தவருக்கு அவசரமில்லை.